அம்மன் காசும் சங்கக் கையிருப்பும்

வாங்கோ பிள்ளையள், கிட்ட வந்து இருங்கோ. பாயில் இன்னும் இடம் கிடக்கு. கால் நீட்டுகிறவை நீட்டலாம், வெற்றிலை போடுகிறவை போடலாம். இடையில் மட்டும் எழும்பிப் போகாதேங்கோ, கணக்குப் பிசகிவிடும். ஏனென்றால் இது ஒரு கணக்குக் கதை. பயப்பட ஒன்றுமில்லை, தொகை சின்னது. எல்லாமாய் இருநூற்று ஐம்பத்தொரு ரூபா நாற்பது சதம். அந்தக் காசுக்காகப் பதினாறு ஆம்பிளையள் எப்படி வேர்த்தார்கள், ஒரு மனுசி எப்படி வேர்க்காமல் நின்றாள் என்பதுதான் சங்கதி.

அது அறுபத்திரண்டாம் ஆண்டு. நாட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாரும் கொழும்பில் பேர் பதியவேண்டும், பதியாமல் மருந்து குடுத்தால் குற்றவாளியாய்க் கோட்டுக்கு ஏறவேண்டும் என்று எங்கும் ஒரே கதை. இப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்று மூன்று வருசத்துக்கு முந்தியே எங்கள் பரியாரிமாருக்கு மணந்துவிட்டது. மணந்த உடனே அவர்கள் மருந்துப் பெட்டியைத் துடைத்தார்களோ, பழைய வைத்திய வாகடத்தைப் புரட்டினார்களோ என்று கேளாதேங்கோ. ஒரு சங்கம் வைத்தார்கள். பேர், வன்னிப் பெருநிலச் சுதேச வைத்தியர் அபிவிருத்திச் சங்கம். முத்திரை வெட்டினவனுக்கு இவ்வளவு நீளப் பேருக்கு இடம் போதவில்லை, ஆகையால் 'அபிவிருத்தி'யை விட்டுவிட்டான். அந்தச் சங்கத்தைப் பற்றி எழுதப்பட்ட முதல் உண்மை அதுதான்.

சங்கத்தில் பதினேழு பேர். அக்கிராசனர் கிளிநொச்சித் தில்லைநாதர், விஷகடிப் பரியாரியார். இரணைமடுத் தண்ணியில் நெல் விளைகிற குடியேற்றத்தில், வயலுக்குள் காலை வைக்கிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் அவருடைய முற்றத்துக்கு வரவேண்டியவர்கள்தான். காரியதரிசி, முறிவு நெரிவுக்குப் பத்துப் போடுகிற செல்வநாயகம். மற்றவர்களில் வாயுக்குப் பார்க்கிறவர், கண்ணுக்குப் பார்க்கிறவர், பூநகரியில் மாட்டுக்குப் பார்க்கிற வீரகத்தியார். மாட்டு வைத்தியர் இதில் சேரலாமோ என்று ஒருவர் கேட்டதற்கு, "மனிசருக்குப் பாக்கிற உங்களை விட என்னட்டைச் சாகிறது குறைவு" என்றார் வீரகத்தியார். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

தனாதிகாரி மதலேனா. முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற, மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரி, ஐம்பது வயது, கைம்பெண். தகப்பன் பழக்கிவிட்ட பாலர் வைத்தியம் பார்க்கிறவள். கரைவலைக் குடிசைகளில் பிறந்த பிள்ளைகளில் அவளுடைய உரைமருந்தை நக்காத பிள்ளை கிடையாது. ஆம்பிளை ஒருவரைத் தனாதிகாரியாக்கினால் அவரைக் கண்காணிக்க இன்னொருவர் வேண்டும், அவரைக் கண்காணிக்க மற்றொருவர் வேண்டும், மதலேனா என்றால் பதினாறு பேரும் சும்மா இருந்தே கண்காணிக்கலாம் என்று யோசித்துத்தான் அவளிடம் கணக்குப் புத்தகத்தைக் குடுத்தார்கள்.

அவள் ஏன் வாங்கிக்கொண்டாள் என்று கேளுங்கோ. ஆம்பிளைப் பரியாரிமாருக்குப் பேர் பதிய இரண்டு வழி இருந்தது. பரம்பரை வைத்தியர் என்று ஊர்த்தலைமை பார்க்கிற விதானையார் எழுதித் தருகிற கடிதம் ஒன்று. அரசாங்கம் அங்கீகரித்த சங்கத்தின் கடிதம் மற்றது. மதலேனாவின் விதானையார், "பரம்பரை எண்டால் தேப்பனுக்குப் பிறகு மகன். மகளுக்கு அதிலை இடமில்லை, தங்கச்சி" என்று பேனையை மூடிவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் மாந்தம் தட்டினபோது மழைக்குள்ளால் ஓடிவந்து நின்றது அவளுடைய படலை வாசலில்தான். அது பரம்பரைக் கணக்கில் வராதாக்கும். ஆகவே அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. சங்கம் அங்கீகாரம் பெற்றால் அவளுக்குப் பதிவு உண்டு. பெறாவிட்டால், கைக்குழந்தையின் நாக்கில் மருந்து தடவினதற்காக அவள் கோட்டில் நிற்கவேண்டும்.

இனிச் சங்கத்தின் செல்வத்தைச் சொல்லுகிறேன். சந்தா மாதம் ஐம்பது சதம். மூன்று வருசத்தில் வந்து சேர்ந்தது அறுபத்தொரு ரூபா. அதில் பதினெட்டு மதலேனாவுடையது, ஒரு மாதம் தவறவில்லை. மற்றப் பதினாறு பெருமக்களும் சேர்ந்து கட்டினது நாற்பத்து மூன்று. செலவு எப்படி என்றால், முத்திரைக்கு நாலரை ரூபா. சங்கத்தின் பேர் அச்சடித்த கடிதத்தாள் ஐந்நூறுக்குப் பதினெட்டு ரூபா. அக்கிராசனர் இருக்கக் கைவைத்த தேக்கங்கதிரை, இருபத்திரண்டு ரூபா. எல்லாரும் தலைப்பாகையோடு நின்று பிடித்த படம், கண்ணாடிச் சட்டத்தோடு, பதினைந்து ரூபா. படத்தில் மதலேனா இல்லை. படம் பிடிக்கிறவனுக்குக் காசை எண்ணிக் குடுக்க ஒருத்தர் வெளியில் நிற்கவேண்டியிருந்தது. மிச்சம் ஒரு ரூபா ஐம்பது சதம். ஐந்நூறு தாளில் எழுதப்பட்டது பதினொரு கடிதம். இரண்டு மந்திரிக்கு வாழ்த்து, ஒன்பது சந்தா கேட்டு. மந்திரியாவது பதில் போட்டார்.

இப்படியிருக்க, சித்திரை மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை கணக்குப் பரிசோதகர் வருவார். உறுப்பினர் எல்லாரும் சந்தா முழுக்கக் கட்டியிருக்கவேண்டும், கையிருப்பு நூறு ரூபாவுக்குக் குறையக்கூடாது. இரண்டும் சரியென்றால் அங்கீகாரம்.

ஞாயிற்றுக்கிழமை தில்லைநாதர் வீட்டு முற்றத்தில் அவசரக் கூட்டம். மதலேனா விடியப் பஸ்ஸேறிப் பரந்தனில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்தாள். தில்லைநாதர் தேக்கங்கதிரையில். மற்றவர்கள் நீள வாங்கிலும் விரித்த சாக்கிலும்.

"ஐயாமார்," என்று தொடங்கினாள் மதலேனா, "நாளைக்கு அவர் வாறார். கையிலை கிடக்கிறது ஒண்டரை ரூபா. எல்லாரும் நிலுவையைத் தந்தியள் எண்டால் இருநூற்று நாற்பத்தைஞ்சு வரும். வேறை கதை வேண்டாம்."

வேறு கதை வேண்டாம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அதுதானே தொடக்கம்.

"பிள்ளை, என்னட்டை வாறது நாம்பனும் பசுவும்," என்றார் வீரகத்தியார். "சுகம் வந்தால் அதுகள் வாலை ஆட்டும். வாலை உன்ரை புத்தகத்திலை பதிவியோ?"

"மாடு வாலை ஆட்டட்டும், அண்ணை. மாட்டுக்காரர் நெல்லுத் தாறவைதானே?"

"அது நெல்லு. நெல்லு காசே?"

"விக்கிறியள்தானே?"

"வித்தால் அது நெல்லு வித்த காசு. வைத்தியக் காசில்லை. சங்கம் ஆற்றை சங்கம்? வைத்தியர் சங்கமோ, நெல்லு வியாபாரியள் சங்கமோ?"

கூட்டம் தலையாட்டியது. இவ்வளவு நுட்பமாகத் தர்க்கம் செய்கிறவரை மாட்டுக்கு விட்டுவைத்தது பெரிய நட்டம்தான்.

"நான் சந்தாவுக்குத் தேன் தந்தனான்," என்றார் காரியதரிசி செல்வநாயகம். "இரண்டு போத்தல், ஒட்டுசுட்டான் காட்டுத்தேன். அதைக் கழியுங்கோ."

"தேன் எங்கை?" என்று கேட்டாள் மதலேனா.

எல்லாருடைய கண்ணும் தேக்கங்கதிரைக்குப் போனது. தில்லைநாதர் ஒருமுறை செருமினார். "போன வருசப் பொதுக்கூட்டத்திலை இரண்டு மணித்தியாலம் பேசினனான். தொண்டை என்னத்துக்காகும்? அது சங்கத்துக்காகச் செலவழிஞ்ச தேன்." பிறகு கையை விரித்துக் காட்டினார். "என்ரை நிலைமை உங்களுக்குத் தெரியும். இந்தக் கை காசு தொடாது."

அது உண்மையிலேயே வழக்கம்தான், பிள்ளையள். விஷகடிக்குப் பார்க்கிறவர் கூலி வாங்கக்கூடாது, வாங்கினால் கையில் மருந்து நிற்காது. ஆனால் பிழைத்து எழும்பின சனம் சும்மா போகுமா? மஞ்சள் துணியில் காசை முடிந்து, வற்றாப்பளை அம்மனுக்கென்று பரியாரியார் வீட்டில் வைத்துவிட்டுப் போகும். வைகாசியில் அந்தக் கோயில் பொங்கலுக்குப் போகும்போது பரியாரியார் அந்த முடிச்சுகளைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் சேர்ப்பார். ஒரு வருசம் செத்தவீட்டுத் துடக்கு, அடுத்த வருசம் மகள் பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டோடு கோயிலுக்குப் போகக்கூடாது என்று தில்லைநாதர் பொங்கலுக்குப் போகாததால், முடிச்சுகள் எல்லாம் அவருடைய அறையில் ஒரு தகரப்பெட்டியில் நிறைந்து கிடந்தன.

கை காசு தொடாது என்று சொன்ன வாய் மூடமுன்னமே அவருக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"பொறுங்கோ," என்றார். "வாறவர் என்ன செய்வார்? காசு கிடக்கோ எண்டு பாப்பார். கிடக்குது எண்டு காட்டுவம்."

மதலேனாவுக்கு விளங்கிவிட்டது. "ஐயா, அது அம்மன்ரை காசு."

"ஆர் இல்லையெண்டது? காட்டத்தானே போறம், குடுக்கவே போறம்? பெட்டியைத் திறப்பம், அவர் தலையாட்டுவார், மூடுவம். அம்மனுக்கு ஒரு சதம் குறையாது."

"அவா கோவிக்கமாட்டா," என்றார் வீரகத்தியார். "ஒரு நல்ல காரியத்துக்கெல்லோ." அம்மனின் மனம் பதினாறு பேருக்கும் அன்றைக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

மதலேனா அதற்குமேல் பேசவில்லை. கொழும்பில் இருக்கிற அந்தப் பதிவுப் புத்தகம் அவளுடைய வாயைக் கட்டிவிட்டது. நல்லவையும் தங்கள் தேவைக்குச் சிலநேரம் பேசாமல் இருக்கிறவைதான், பிள்ளையள். அதற்காக அவளைக் குறைவாய் நினைக்காதேங்கோ. நாங்கள் எல்லாரும் ஒருநாளைக்கு அப்படி இருந்திருப்போம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. கணக்குப் பரிசோதகர் பரமலிங்கம் இளந்தாரி, நல்ல பிள்ளை, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அறிந்த பாம்பு மிருகக்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. செலவுப் பக்கத்தைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "கையிருப்பைக் காட்டுங்கள்" என்றார்.

தகரப்பெட்டி திறந்தது. உள்ளே கழுத்துவரை மஞ்சள் முடிச்சு.

"இவை என்ன?"

"சந்தா, ஐயா," என்றார் தில்லைநாதர்.

"இப்படித் துணியில் முடிந்தா கட்டுவீர்கள்?"

"இது எங்கடை பகுதி வழக்கம். சங்கத்துக் காசு மங்களமான காசு. மஞ்சளிலை முடிஞ்சுதான் தாறது."

பரமலிங்கம் அசந்துபோனார். "மிகவும் பாராட்டத்தக்க வழக்கம்" என்று சொல்லி, அதையே அறிக்கையிலும் எழுதினார். எழுதி முடித்துப் பேனையை வைத்துவிட்டு, "சரி, அவிழ்த்து எண்ணுங்கள்" என்றார்.

நேர்ந்த முடிச்சை அம்மன் சந்நிதியில் அல்லாமல் வேறு எங்கும் அவிழ்க்கக்கூடாது. தலையாட்டிவிட்டு மூடச் சொல்ல வந்தவர் என்று நினைத்த மனிசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து இருக்கிறார்.

தில்லைநாதர் மெல்ல மதலேனாவின் பக்கம் சரிந்தார். "மதலேனா, நீர் அவிழும். உமக்கு அம்மன் ஒண்டும் செய்யமாட்டா. நீர் வேதக்காரி."

"நான் சங்கத்துக்குத் தனாதிகாரி, ஐயா," என்று அதே மெல்லிய குரலில் சொன்னாள் அவள். "அம்மனுக்கில்லை. முடிச்சை வாங்கினது நீங்கள். நீங்களே அவிழுங்கோ."

கருநாகத்தின் பல்லுப் பட்ட இடத்தில் பயமில்லாமல் வாய்வைத்து உறிஞ்சின மனிசன், முதல் முடிச்சை அவிழ்க்க முந்தி மூன்றுதரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொத்தம் நூற்றெழுபத்து மூன்று முடிச்சு. ஒவ்வொன்றாக அவிழ்க்க அவிழ்க்க, அது எந்த வீட்டு முடிச்சு என்று அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. இது வரம்பில் கடிபட்டவனின் பெண்சாதி தந்தது. இது புரையன் பாம்பு கடித்த பிள்ளையின் தாய் தோட்டைக் கழற்றி அடகுவைத்துத் தந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணி முடிந்தது. இருநூற்று ஐம்பத்தொரு ரூபா நாற்பது சதம்.

"இனி யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று பெயர்வாரியாக வேண்டும்," என்றார் பரமலிங்கம். "பற்றுச்சீட்டு இல்லாமல் நான் பதிய முடியாது."

சொன்ன பொய்யைப் பாதியில் விட முடியுமா? தில்லைநாதர் ஒவ்வொரு பேராகச் சொன்னார். அவரவர் நிலுவை எவ்வளவோ அவ்வளவும் அவரவரே கட்டிவிட்டதாகச் சொன்னார். வீரகத்தியார் பதினைந்து. செல்வநாயகம் பதின்மூன்று. தில்லைநாதர், மூன்று வருசத்துக்கும் சேர்த்துப் பதினெட்டு. மதலேனா பற்றுச்சீட்டு எழுதி எழுதிக் கிழித்துக் குடுத்தாள். நிலுவை தீர்ந்துபோன பெருமிதத்தில் ஒவ்வொருவரும் அதை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார்கள்.

"நிலுவை இருநூற்று நாற்பத்தைந்துதானே? மேலதிகமாக ஆறு ரூபா நாற்பது சதம் இருக்கிறதே?"

"அது..." தில்லைநாதர் கொஞ்சம் யோசித்தார். "அது என்ரை நன்கொடை எண்டு பதியுங்கோ."

பரமலிங்கம் எழும்பிக் கைகுலுக்கினார். பிறகுதான் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார், அதுதான் எல்லாரையும் கவிழ்த்தது. "இவ்வளவு பணம் தகரப்பெட்டியில் கிடக்கக்கூடாது. வாருங்கள், இப்போதே தபாற்கந்தோர்ச் சேமிப்புக் கணக்கில் சங்கத்தின் பெயரில் போட்டுவிடலாம். திருப்பி எடுப்பதென்றால் சங்கத் தீர்மானமும் எங்கள் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். உங்கள் பாதுகாப்புக்குத்தான்."

தில்லைநாதரையும் மதலேனாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கால்மணித்தியாலத்தில் அம்மனுடைய காசு முழுவதும் அரசாங்கத்தின் பாதுகாப்புக்குள் போய்விட்டது.

பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை. வெய்யில் எறித்துக் கொட்டியது. வயலால் போகிற சனம் படலையில் நின்று, "பரியாரியார், இந்தமுறையாவது எங்கடை முடிச்சுப் போய்ச் சேரும்தானே?" என்று கேட்டது. ஏழாம் நாள் தில்லைநாதரின் முழங்கைக்குக் கீழே நாலைந்து சின்னக் கொப்புளம் போட்டது. வேர்க்குரு என்று அந்த வீட்டுக் கோழிக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது வேர்க்குருவாய்த் தெரியவில்லை. வற்றாப்பளையாள் அம்மையைக் குடுக்கவும் எடுக்கவும் வல்லவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவர் அவர்தானே.

அடுத்தநாளே செல்வநாயகத்தையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வந்து இறங்கினார். மதலேனா வாசலில் ஒரு பிள்ளைக்கு மருந்து உரைத்துக்கொண்டிருந்தாள். தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு வந்தாள்.

"இதிலை ஒரு கையெழுத்து," என்று சங்கத்தின் கடிதத்தாளை நீட்டினார் தில்லைநாதர். பரிசோதகருக்குக் காட்டின காசு சங்கத்துக் காசு அல்ல, தவறுதலாகக் காட்டப்பட்டது, தயவுசெய்து திருப்பித் தரவும் என்று அதில் இருந்தது. அக்கிராசனரும் காரியதரிசியும் ஒப்பம் வைத்திருந்தார்கள்.

"இதை அனுப்பினால் அங்கீகாரம்?"

"போகும். போனால் என்ன? எங்களுக்கு விதானையாற்றை கடிதம் கிடக்கு."

"எனக்கு?"

தில்லைநாதர் கடலைப் பார்த்தார். செல்வநாயகமும் கடலைப் பார்த்தார். அன்றைக்குக் கடலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"உமக்குக் கர்த்தர் இருக்கிறார்," என்றார் தில்லைநாதர்.

"அவர் கடிதம் எழுதித் தாறேல்லை, ஐயா."

அவள் உள்ளே போய்ப் பரிசோதகரின் கணக்குப் பிரதியைக் கொண்டுவந்தாள். கடிதத்தைக் கையால் தள்ளிவைத்துவிட்டுப் பிரதியை விரித்தாள்.

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கவேணும். திறக்கேல்லை. அந்தப் பாவம் என்னிலையும் கிடக்கு. ஆனால் இதைக் கொஞ்சம் வாசியுங்கோ. வீரகத்தி பதினைஞ்சு ரூபா கட்டினார் எண்டு கிடக்கு. அவர் கட்டினவரோ?"

"இல்லை."

"அப்ப கட்டச் சொல்லுங்கோ. செல்வநாயகத்தார் பதின்மூண்டு கட்டினார் எண்டு கிடக்கு. கட்டட்டும். அவரவர் பேரிலை எழுதினதை அவரவர் மஞ்சள் துணியிலை முடிஞ்சு கொண்டுவந்து உங்கடை பெட்டியிலை போடட்டும். அம்மன்ரை காசு அம்மனுக்குப் போகும். தபாற்கந்தோரிலை கிடக்கிறது மெய்யாவே சந்தாக் காசாகும். எழுதின பொய்யை அழிக்க எனக்கு ஏலாது, ஐயா. அதை மெய்யாக்கலாம்."

"அவங்கள் தருவாங்களே?" என்றார் செல்வநாயகம். "மூண்டு வருசமாய்த் தராதவங்கள்."

"சங்கத்துக்குத் தராதவை," என்றாள் மதலேனா. "இப்ப கேக்கிறது சங்கமில்லை."

ஐந்நூறு தாளில் பதினாறு அன்றைக்கு உருப்படியான வேலைக்குப் போனது. முன்பு போன ஒன்பது கடிதமும் 'தயவுசெய்து' என்று தொடங்கினவை. இதில் தயவு இல்லை. 'வற்றாப்பளை அம்மனுக்குரிய பின்வரும் தொகை தங்கள் பேரில் சங்கச் சந்தாவாகப் பதியப்பட்டுள்ளது. பற்றுச்சீட்டு தங்கள் கைவசம் உள்ளது. பொங்கலுக்கு முன் ஆவன செய்யவும்.' கீழே தொகை, முத்திரை, மதலேனாவின் ஒப்பம்.

மடியில் செருகிய பற்றுச்சீட்டு எவ்வளவு சூடாயிருக்கும் என்று பதினாறு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயுப் பரியாரியார் கடிதம் வாசித்த கையோடு தபால்காரனைப் பிடித்து நிறுத்திப் பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டாராம். கண் பரியாரியார் மனைவியின் காப்பை அடகுவைத்தார். அதுவரை அந்தக் காப்பு இருந்ததே சங்கத்துக்குத் தெரியாது. பூநகரியிலிருந்து ஒருநாளைக்கு ஒரேயொரு பஸ். அதற்காக வீரகத்தியார் விடிய முந்தியே எழும்பி நடந்து, அதைப் பிடித்து, தில்லைநாதர் வீட்டுக்கு வந்து பதினைந்து ரூபாவையும் முடிந்து போட்டார். அவருடைய வீட்டுப் பசு முதல்நாள் தும்மினதாம்.

"நெல்லு காசாகிட்டுதே, அண்ணை?" என்று கேட்டாள், அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தோடு அங்கே வந்திருந்த மதலேனா.

"அம்மன் காரியமெல்லோ, பிள்ளை," என்றார் அவர். சாகாத மாடுகளின் நெல் ஒரே நாளில் வைத்தியக் காசாக மாறிவிட்டது.

பொங்கலுக்கு முதற் சனிக்கிழமை மதலேனா பெட்டியை எண்ணினாள். இருநூற்று இருபத்தேழு ரூபா. பதினைந்து பேரும் தீர்த்துவிட்டார்கள். குறைகிறது இருபத்து நாலு ரூபா நாற்பது சதம்.

"ஐயா, உங்கடை சந்தா பதினெட்டு. நன்கொடை ஆறு நாற்பது."

தில்லைநாதர் கதிரையில் நிமிர்ந்தார். கொப்புளத்துக்குச் சந்தனம் அப்பியிருந்த கையை விரித்துக் காட்டினார். "என்ரை கை காசு தொடாது எண்டு உமக்குத் தெரியும்தானே. அம்மனுக்கும் தெரியும். அவா என்னட்டை எதிர்பார்க்கமாட்டா. அந்தக் குறையைச் சங்கம் பொறுக்கவேணும்."

"பொறுக்கச் சங்கத்திட்டை எடுக்கக்கூடிய காசு ஒண்டரை ரூபா, ஐயா. குறையோடை பெட்டி போனால், அந்தக் குறை ஆற்றை பேரிலை போகும் எண்டு யோசியுங்கோ."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி விமலேஸ்வரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கையில் மா வந்த பழைய தகரப்பேணி ஒன்று.

"இவரின்ரை கை தொடாது, அக்கா. அது சத்தியம்," என்றாள். "என்ரை கை தொடும். வாறவை முடிச்சை இவரிட்டை வைப்பினம். பிறகு குசினி வாசலுக்கு வந்து, 'பிள்ளையளுக்கு ஏதும் வாங்குங்கோ' எண்டு என்ரை கையிலை தருவினம். பேணி நிரம்பினால் இவர் தூக்கிப் பாரம் பாப்பார். தொடமாட்டார். பேணியைத்தான் தொடுவார்."

தில்லைநாதர் கூரையில் எத்தனை கிடுகு என்று எண்ணத் தொடங்கினார்.

விமலேஸ்வரி நிலத்தில் குந்திப் பேணிக்குள்ளிருந்து இருபத்து நாலு ரூபா நாற்பது சதத்தையும் எண்ணி, மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்து, புருசனின் மடியில் வைத்தாள். "பெட்டியிலை போடுங்கோ. இப்ப அது காசில்லை, முடிச்சு. முடிச்சை உங்கடை கை தொடும்தானே?"

அவர் போட்டார்.

மதலேனா தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முல்லைத்தீவு மதலேனா எங்கள் சங்கத்து உறுப்பினர், பாலர் வைத்தியத்தில் தேர்ந்தவர், பதிவுக்குத் தகுதியானவர் என்று எழுதியிருந்தது. "இதிலையும் ஒரு கையெழுத்து, ஐயா. அங்கீகாரம் வந்த உடனை திகதி போடுவம்."

"உதுக்கென்ன அவசரம்? கூட்டம் வைச்சு, தீர்மானம் போட்டு..."

"வையுங்கோப்பா," என்றாள் விமலேஸ்வரி. பேணி இன்னும் அவளுடைய கையில்தான் இருந்தது. அதை ஒருமுறை குலுக்கினாள். உள்ளே இருந்தது கொஞ்சமில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. "இல்லாட்டி மிச்சக் கணக்கையும் அக்காவுக்கு நான் சொல்லவேண்டி வரும்."

தில்லைநாதர் கையெழுத்து வைத்தார். முழுப்பேர், பட்டம், முத்திரை எல்லாம் போட்டு, மை காயும்வரை ஊதியும் குடுத்தார்.

பொங்கலன்று வற்றாப்பளையில் நந்திக்கடற்கரை முட்டச் சனம். தில்லைநாதர் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பித்தார். முடிச்சுகள் தொகையில் குறைந்துபோயின. நூற்றெழுபத்து மூன்று சின்ன முடிச்சு பதினாறு பெரிய முடிச்சாகிவிட்டது. ஆனால் காசில் ஒரு சதம் பிசகில்லை. அடுத்த கிழமை அவருடைய கொப்புளம் வற்றிவிட்டது. அம்மன் இரங்கினாள் என்று அவர் சொன்னார். சந்தனம் குளிர்ச்சி என்று விமலேஸ்வரி சொன்னாள்.

ஆடியில் அங்கீகாரம் வந்தது. ஆவணிப் பொதுக்கூட்டத்தில் தில்லைநாதர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். தமது தலைமையில் சங்கத்தின் கையிருப்பு ஒன்றரை ரூபாவிலிருந்து இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபா தொண்ணூறு சதமாக உயர்ந்ததை எடுத்துக் காட்டினார். இது உறுப்பினர்களின் தன்னலமற்ற கொடையால் நடந்தது என்றார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தனாதிகாரிக்கு நன்றி சொல்ல நேரம் போதவில்லை. வீரகத்தியார் மட்டும் பின்வரிசை வாங்கிலிருந்து, "மதலேனாப் பிள்ளையை மாத்திப்போடாதேங்கோ. அடுத்தவர் வந்தால் அம்மனைக் கூப்பிடத் தெரியாது" என்றார்.

ஐப்பசி மழைக்குள் தபால்காரன் கொண்டுவந்து தந்த நீளக் கவரில் மதலேனாவின் பேரும் ஓர் இலக்கமும் இருந்தன. பாலர் வைத்தியம் என்று எதிரே எழுதியிருந்தது. அவள் அதை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு தாளைக் கவருக்குள் திருப்பி வைத்து மடியில் போட்டுக்கொண்டாள். மீன்வாடியில் கருவாடு காயப்போடுகிற புனிதம் படலையில் நனைந்தபடி நின்றாள். சேலைக்குள் பொத்திப்பிடித்த பிள்ளை வீரிட்டு அழுதது.

"மதலேனாக்கா, விடியத் தொடக்கம் பால் எடுக்கிறானில்லை. வயிறு கல்லு மாதிரி." பிறகு மடியில் கிடந்த கவரைப் பார்த்தாள். "கொழும்பாலை வந்திட்டுதே? அப்ப இனி மருந்துக்குக் காசு கூடவோ?"

"உள்ளுக்கை வாடி, மழை. காசைப் பற்றி நான் கதைச்ச கதை இந்த வருசத்துக்குக் காணும்," என்றாள் மதலேனா. "பிள்ளையை இஞ்சை தா."

கல்லை எடுத்து வசம்பை உரைத்து, சுண்டுவிரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். குப்புறப் போட்டு முதுகைத் தடவினாள். கொஞ்சத்தில் வயிற்றுக் காற்றெல்லாம் ஒரு பெரிய ஏவறையாய் வெளியே வந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற வைத்தியரின் சேலையை நன்றாக நனைத்தது.

அவ்வளவுதான் கதை, பிள்ளையள். உங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடக்கிறதுகளுக்கு மாந்தமும் காய்ச்சலும் அண்டாமல் இருக்கட்டும். வயலுக்குப் போற கால்கள் கடிபடாமல் வீடு திரும்பட்டும். உங்கள் குசினிப் பேணிகளில் நல்ல காசு சேரட்டும், நேர்ந்ததெல்லாம் நேரத்துக்குத் தீரட்டும். போய் வாங்கோ, என்ரை செல்வங்கள்.